தவிடும் பிண்ணாக்கும் ஈமுக்களும்

புதிதாக வந்து குடியேறிய குடும்பங்கள் தாம் செய்யும் வேலையைப் பற்றி எழுதவேண்டும் என்று இந்தப் பக்கத்தில் கேட்டிருந்தார்கள். உணவகக் குசினி, முதியோர் இல்லம், இறைச்சித் தொழிற்சாலை, துப்புரவு வேலை என்று பலரும் எழுதிவிட்டார்கள். எங்கள் வேலையைப் பற்றி இன்னும் ஒருவரும் எழுதவில்லை. நாங்கள் கணவனும் மனைவியுமாக ஒரு ஈமுப் பண்ணையில் தீவனம் கலக்கிறோம்.

இதைச் சொன்னவுடன் ஊரிலுள்ள உறவினர்கள் கேட்பது, "தீக்கோழியோ?" என்பதுதான். தீக்கோழி ஆபிரிக்காவினது. ஈமு அவுஸ்திரேலியாவின் சொந்தப் பறவை. இந்த நாட்டு அரச சின்னத்தில் கங்காருவுக்கு எதிர்ப்புறம் நிற்பது இதுதான். உயரத்தில் தீக்கோழிக்கு அடுத்தபடி. வளர்ந்த பறவை 35, 40 கிலோ நிறை இருக்கும். காட்டில் திரியும் ஈமுவைப் பிடித்து அடைக்க முடியாது. பண்ணையில் பிறந்த பறவைகளை மட்டும், அனுமதிப்பத்திரம் எடுத்து வளர்க்கிறார்கள். எண்ணெய், இறைச்சி, தோல் மூன்றுக்கும் விலை உண்டு. எங்கள் பண்ணையில் எண்ணெய்க்குத்தான் முதலிடம்.

தமிழ்நாட்டிலுள்ள உறவினர்களின் கேள்வி வேறு. "ஈமு என்றால் ஈரோட்டு மோசடி அல்லவா? அதற்குள் ஏன் போய் விழுந்தீர்கள்?" அவர்கள் பயப்பட்டதில் நியாயம் உண்டு. பெருந்துறையை மையமாக வைத்து ஈமு வளர்ப்புத் திட்டங்கள் நடந்தன. ஒன்றரை இலட்சம் ரூபாய் கட்டினால் ஆறு குஞ்சுகள் தருவார்கள், தீவனமும் நிறுவனமே தரும், மாதம் 6,000 ரூபாய் கையில் வரும் என்பது அவற்றில் ஒன்று. 2012 ஆகஸ்டில் எல்லாம் சரிந்தது. பணம் போட்ட ஆயிரக்கணக்கான குடும்பங்கள் தெருவுக்கு வந்தன. பறவைகள் பட்டினி கிடந்தன. கடைசியில் அரசாங்கத்தின் கால்நடைத் துறை தீவனம் போடவேண்டி வந்தது. இறைச்சியையும் எண்ணெயையும் வாங்க ஆளில்லாமல், அடுத்து வந்து சேருபவரின் பணத்தில் ஓடிய வண்டி அது. தீவன லொறி வராத நாளில்தான் பலருக்கு விஷயம் விளங்கியது. ஆகவே ஈமுப் பண்ணையில் யாராவது பங்கு சேரக் கேட்டால், பறவை என்ன தின்கிறது, அதற்கு யார் காசு கொடுக்கிறார், விற்பனை எங்கே என்று கேளுங்கள். நாங்கள் பங்குக்குப் போகவில்லை, கூலிக்குத்தான் போனோம். இருந்தாலும் முதல் நாள் தீவனக் கொட்டகையைத்தான் பார்த்தோம்.

பண்ணை நியூ சவுத் வேல்ஸின் ரிவரீனாப் பகுதியில் இருக்கிறது. சிட்னியிலிருந்து காரில் ஆறேழு மணித்தியாலம். 1912ஆம் ஆண்டு முதல் மரம்பிட்ஜி ஆற்று நீரை வாய்க்காலில் கொண்டுவந்து பயிரிடும் நிலம் இது. திராட்சை, தோடை, கரட், பருத்தி எல்லாம் விளைகின்றன. நெல்லும் விளைகிறது. 1920களின் நடுப்பகுதியிலிருந்து இங்கே நெல் போடுகிறார்கள் என்பது வரும்வரை எங்களுக்குத் தெரியாது. பஸ் யன்னலால் முதன்முதலில் பச்சை வயலைக் கண்டபோது இருவரும் ஒன்றும் பேசவில்லை.

எங்கள் முதலாளி எழுபது வயதைத் தாண்டியவர். பெயரைச் சொல்லித்தான் கூப்பிட வேண்டும் என்று முதல் நாளே சொல்லிவிட்டார். அப்பாவின் வயதுக்காரரைப் பெயர் சொல்லி அழைக்க எங்களுக்கு நா எழவில்லை. வீட்டில் அவரைப் 'பெரியவர்' என்போம். நேரில் எப்பெயரும் சொல்லாமலே கதையைத் தொடங்கப் பழகிக்கொண்டோம். இதில் எம்மவர் பலருக்கும் நல்ல பயிற்சி உண்டு.

எங்களிடம் அப்போது இருந்தது ஷெவ் விசா. 2012, 2013இல் படகில் வந்தவர்களுக்கு இது தெரியும், புதியவர்களுக்காகச் சொல்கிறோம். அது ஐந்து வருடத் தற்காலிக விசா. பெருநகரங்களுக்கு வெளியே, குறித்த பகுதிகளில், அரச உதவிப்பணம் எடுக்காமல் 42 மாதங்கள் வேலை செய்தோ படித்தோ காட்டினால் வேறு விசாவுக்கு விண்ணப்பிக்கும் வாசல் திறக்கும். 2023 பெப்ரவரியில் அரசு இந்த விசாக்காரர்களுக்கு நிரந்தர விசாவுக்கு வழிவிட்டது. அதற்கு முன் இருந்த வருடங்களில் நாங்கள் சம்பளத்தை எண்ணியதைவிட மாதங்களை எண்ணியதுதான் கூட. சம்பளத் துண்டுகளைப் பிஸ்கற் ரின்னுக்குள் அடுக்கி வைத்திருந்தோம்.

அப்படியிருக்க 2018 வந்தது. கிழக்கு அவுஸ்திரேலியா முழுவதும் வரட்சி. கோதுமை தொன் 400 டொலரைத் தாண்டிவிட்டது. வளர்ந்த ஈமு நாளொன்றுக்கு முக்கால் கிலோவிலிருந்து ஒரு கிலோ வரை தின்னும். எங்களிடம் இருநூறு பறவைகள். கிழமைக்குத் தொன்னுக்கு மேலே தீவனம். பண்ணைச் செலவில் பெரும் பங்கு இதுதான். பெரியவர் ஒருநாள் தீவனக் கொட்டகை வாசலில் நின்று, பறவைகளைப் பாதியாகக் குறைக்கப் போகிறேன், அதன்பின் உங்களில் ஒருவருக்குத்தான் வேலை இருக்கும் என்றார். அவரைக் குறை சொல்ல முடியாது. வங்கிக்கடன் அவருடையது.

எங்கள் ஊரில் ஒருவரும் மாட்டுக்குத் தானியம் வாங்கிப் போட்டதில்லை என்று நாங்கள் சொன்னோம். ஆலையில் தவிடு, செக்கில் எள்ளுப் பிண்ணாக்கு, தேங்காய்ப் பிண்ணாக்கு, வீட்டில் கழுநீர், வேலியில் குழை. மனிதன் எடுத்தது போக மிஞ்சியதுதான் மாட்டுக்கு. இங்கே சுற்றிவர அரிசி ஆலை, மா ஆலை, எண்ணெய் ஆலை, பழச்சாறு ஆலை, வைன் ஆலை எல்லாம் இருக்கின்றனவே என்றோம். (எங்கள் பிண்ணாக்கு இலங்கையில் 'பூனாக்' என்று ஆங்கிலத்துக்குள்ளும் போய்விட்ட சொல். பெரியவருக்கு அதைச் சொன்னபோது நம்பவில்லை. அகராதியில் பார்த்துவிட்டு வந்து ஒப்புக்கொண்டார்.)

அவர் சொன்ன பதில் இரண்டே சொல்: ஈமு மாடில்லை.

அது உண்மை. மாட்டுக்கு இரைப்பை நான்கு அறை. நார்ப்பொருளை ஊறவைத்துப் புளிக்கவைத்து ஆறுதலாகச் சமிக்கும். தீக்கோழிக்கும் நீண்ட பெருங்குடல் இருக்கிறது, தீனி நெடுநேரம் தங்கும். ஈமுவுக்கு அப்படியொன்றும் இல்லை. கோழிக்கு இருக்கும் தீன்பைகூட அதற்குக் கிடையாது. தின்றது ஐந்தாறு மணித்தியாலத்தில் மறுபக்கத்தால் வந்துவிடும். ஆனால் 1984இல் நியூ சவுத் வேல்ஸ் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஹேர்ட், டோசன் என்ற இரு ஆய்வாளர்கள் ஒரு புதினமான முடிவை வெளியிட்டார்கள். இவ்வளவு வேகமாகப் போகும் தீனியிலும், ஈமு நார்ப்பொருளில் மூன்றிலொரு பங்குக்கு மேல் சமித்துவிடுகிறது. அந்த வேலை சிறுகுடலின் கடைப்பகுதியில் நடக்கிறது. அதாவது கோழியைவிட நாரைத் தாங்கும், மாட்டளவுக்குத் தாங்காது. இந்த இடைப்பட்ட வயிற்றுக்குள்தான் எங்கள் வேலை தங்கியிருந்தது.

பக்கத்து நகரத் தீவன ஆலையின் சத்துணவு நிபுணர் ஒருவர் வந்து போனார். ஒவ்வொரு கழிவுப் பொருளையும் பரிசோதனைக்கு அனுப்பி, எண்களைத் தாளில் எழுதித் தந்தார். அந்தத் தாள் இன்னமும் கொட்டகைச் சுவரில் ஒட்டியிருக்கிறது.

முதலில் அரிசித் தவிடு. எங்களுக்குத் தெரிந்த பொருள் என்பதால் அதைப் பற்றிக் கொஞ்சம் கூட எழுதுகிறோம். புரதம் 12, 14 வீதம். எண்ணெய் 15 வீதத்துக்கு மேல். பறவைக்குக் கொழுப்பு ஏற நல்லது. ஆனால் அந்த எண்ணெய்தான் அதன் கெடுதியும். நெல்லைத் தீட்டிய கணமே தவிட்டிலுள்ள நொதி எண்ணெயை உடைக்கத் தொடங்கிவிடும். வெக்கை காலத்தில் சில நாட்களில் காறல் மணம் வந்துவிடும். காறிய எண்ணெய் தீவனத்திலுள்ள விற்றமின் ஈயை அழிக்கும். விற்றமின் ஈ இல்லாத குஞ்சின் தசை நலிந்துவிடும், எழும்ப மாட்டாமல் கிடக்கும். ஆலையில் சூடுகாட்டிப் பதப்படுத்திய தவிடென்றால் பல மாதம் நிற்கும், விலையும் கூட. பச்சைத் தவிடு மலிவு. உடனே முடிக்க வேண்டும்.

வடமராட்சியிலுள்ள அம்மாவிடம் தொலைபேசியில் இதைச் சொன்னபோது சிரித்தார். "இதுக்குப் படிச்ச ஆள் வரோணுமோ? தவிட்டைக் கையிலை அள்ளி மணந்து பார், நாக்கிலை கொஞ்சம் வை. கைச்சால் மாடே வாய் வையாது" என்றார். அன்றிலிருந்து ஒவ்வொரு சாக்கையும் அவிழ்த்தவுடன் மணந்து, நாக்கில் வைத்துத்தான் எடுப்போம். பெரியவர் முதலில் அருவருத்தார். ஒருமுறை நாங்கள் திருப்பி அனுப்பிய தவிட்டின் பரிசோதனைத் தாளும் அதையே சொன்ன பிறகு அவரும் நாக்கில் வைக்கத் தொடங்கினார்.

அடுத்தது புரதம். தவிட்டிலும் கோதுமையிலும் லைசின் என்ற அமினோ அமிலம் குறைவு. மேற்கு அவுஸ்திரேலியாவில் பெருமளவில் விளையும் லூப்பின் என்ற பருப்பில் புரதம் 30 வீதம் அளவில் உண்டு, லைசினும் போதியளவு. ஆனால் மெதியோனின் குறைவு. ஒன்றில் இல்லாததை மற்றது கொடுக்கும். சோற்றோடு பருப்பை ஏன் வைத்தார்கள் என்று நிபுணர் எங்களுக்கு விளங்கப்படுத்தத் தேவை இருக்கவில்லை. கனோலாப் பிண்ணாக்கில் புரதம் 36 வீதம். அதையும் பத்தில் ஒரு பங்கு சேர்க்கிறோம். குஞ்சுகளுக்கு மட்டும் கவனம். கூடுதலாகப் புரதம் கொடுத்து அவசரமாக வளர்த்தால் உடல் பாரம் காலை முந்திவிடும், கால் கோணிவிடும். கோணிய கால் நிமிராது. குஞ்சுகளை ஓடவிட நீண்ட ஒழுங்கை போல வேலி அடைத்திருக்கிறோம்.

பருத்தி விதையைப் பற்றிச் சொல்லவேண்டும். ஊரில் கறவை மாட்டுக்குப் பருத்திக்கொட்டை அரைத்துக் கொடுத்தால் பால் தடிக்கும் என்பார்கள். ரிவரீனாவில் பருத்தி விதை மலிவாகவே கிடைக்கும். ஆனால் அதில் கொசிப்போல் என்ற நச்சுப்பொருள் இருக்கிறது. மாட்டின் இரைப்பை அதைக் கட்டிப்போட்டுவிடும்; பறவையின் வயிறு கட்டாது. ஆகவே எங்கள் கொட்டகைக்குள் அது வருவதேயில்லை. கடலைப் பிண்ணாக்கிலும் இப்படியொரு கதை உண்டு. 1960இல் இங்கிலாந்தில் ஒரு இலட்சத்துக்கு மேற்பட்ட வான்கோழிகள் காரணம் தெரியாமல் செத்தன. பிரேசிலிலிருந்து வந்த கடலைப் பிண்ணாக்கில் பூஞ்சணம் பிடித்து, அதில் உண்டான அஃப்லடொக்சின் என்ற நஞ்சுதான் காரணம் என்று பின்னர் கண்டுபிடித்தார்கள். பூஞ்சணத்தைத் தட்டிவிட்டுப் போடலாம் என்று நினைக்கக்கூடாது. நஞ்சு உள்ளே இருக்கும். வீட்டில் கோழி வளர்ப்பவர்களுக்கும் இது பொருந்தும். வெண்ணெய்ப்பழத்தின் தோலும் விதையும்கூடப் பறவைக்கு ஆகாது.

கரட் இலவசம். அளவு பிழைத்தது, கிளை விட்டது, உடைந்தது எல்லாம் தொன் கணக்கில் ஒதுக்குவார்கள். பெரியவருக்கு இலவசம் என்றால் ஆசைதான். ஆனால் கரட்டில் 90 வீதம் அளவில் தண்ணீர். ஒரு தொன் ஏற்றி வந்தால் 900 கிலோ தண்ணீருக்கு டீசல் எரித்து வருகிறோம். நாங்கள் கணக்கைக் கொப்பியில் போட்டுக் காட்டினோம்: இருபது கிலோமீற்றருக்கு அப்பால் இருந்தால் வேண்டாம். தோடம்பழச் சக்கையும் அப்படித்தான். கனம் முழுக்க நீர், வெயிலில் இரண்டாம் நாளே புளித்துவிடும். காய்ந்த பண்டங்கள்தான் வயிற்றை நிரப்பும், கரட் ருசிக்கு.

மாசி, பங்குனியில் திராட்சை பிழிவார்கள். தோலும் விதையும் காம்புமாக மலைபோலச் சக்கை மிஞ்சும். ஈமுவுக்கு அதில் பைத்தியம். வாளியின் சத்தம் கேட்டாலே வேலியோரம் ஓடிவரும். எனினும் அதிலுள்ள துவர்ப்புப் பொருள் புரதத்தைப் பிடித்துக்கொள்ளும், உடலில் சேரவிடாது. இருபதில் ஒரு பங்குக்கு மேல் போடுவதில்லை. விதை பெரும்பாலும் முழுதாகவே வெளியே வந்துவிடும்.

பாண் வேறு விதமான தலையிடி. நகரத்துப் பேக்கரியில் விற்காமல் மிஞ்சிய பாணைக் காயவைத்து உடைத்துப் போடலாம், மாச்சத்து நிறைய உண்டு. பூஞ்சணம் பிடிக்கமுன் காயவேண்டும், அது ஒன்று. மற்றது, ஈமுவின் குணம். அரைவைப்பையில் தீனி அரைபட அது கல் விழுங்கும். அதோடு மினுங்கும் எதையும் விழுங்கிவிடும். ஆணி, கம்பித்துண்டு, கண்ணாடி, திறப்பு. பாண் பையை மூடும் சின்னப் பிளாஸ்ரிக் பூட்டு இருக்கிறதல்லவா, அதுகூடத் தப்பாது. நாங்கள் வருமுன் செத்த ஒரு பறவையின் வயிற்றிலிருந்து எடுத்த சாமான்களைப் பெரியவர் ஒரு போத்தலில் போட்டு வைத்திருக்கிறார். ஆகவே பாண் மூட்டை வந்தால் வீட்டு மேசைமேல் கொட்டி, அரிசியில் கல் பொறுக்குவதுபோலப் பொறுக்குவோம். பாடசாலை விட்டு வந்த பிள்ளைகளும் உட்கார்ந்துவிடுவார்கள். உமி, தவிடு, கோதுமைக் குறுணி எல்லாவற்றின் மேலும் காந்தம் ஓட்டுவோம்.

இறைச்சித் தூளும் கொஞ்சம் சேர்க்கிறோம், புரதத்துக்கும் கல்சியத்துக்கும். ஆனால் பக்கத்துக் காணியில் செம்மறி ஆடுகள். ஆடு மாட்டுக்கு விலங்குப் பொருள் கொடுப்பது இந்த நாட்டில் சட்டப்படி தடை. மாட்டுப் பைத்திய நோய் வரக்கூடாதென்று போட்ட தடை. எனவே அந்தச் சாக்கு, அந்த வாளி, அந்த அகப்பை எல்லாம் தனி. சிந்திய தீவனத்தை அன்றன்றே கூட்டி அள்ளவும் வேண்டும். சிந்தியதைத் தேடிக் காட்டுத் தாராக்கள் வரும், அவற்றோடு நோய் வரும். 2020இல் விக்ரோறியா மாநிலத்தில் கெராங் என்ற இடத்தில் ஒரு ஈமுப் பண்ணைக்கும் பறவைக் காய்ச்சல் வந்தது. அதன்பின் பெரியவர் தொட்டிகளுக்கெல்லாம் கூரை போட்டுவிட்டார்.

இத்தனையும் செய்து என்ன மிஞ்சியது என்று கேட்பீர்கள். கோதுமை பாதியாகக் குறைந்தது. அதன் இடத்தைத் தவிடு, மா ஆலைக் குறுணி, கனோலாப் பிண்ணாக்கு, காய்ந்த பாண் நிரப்பின. லூப்பினும், விற்றமின் கனிமக் கலவையும் காசு கொடுத்துத்தான் வாங்கினோம். அதில் மிச்சம் பிடிக்க முடியாது. பெரியவர் பறவைகளைப் பாதியாகக் குறைக்கவில்லை, நாற்பதைத்தான் விற்றார். எங்கள் இருவரின் வேலையும் நின்றது. ரின்னுக்குள் சம்பளத் துண்டுகள் தொடர்ந்து சேர்ந்தன.

ஆனால் ஒன்றை மறைக்கக்கூடாது. கழிவுப் பொருள் என்பது மற்றவனின் விளைச்சலில் தொங்கிக்கொண்டிருப்பது. வாய்க்காலில் தண்ணீர் வராததால் 2019, 2020 நெல் அறுவடைகள் மிகவும் சிறுத்துவிட்டன. நெல் இல்லையென்றால் தவிடு ஏது? மலிவாகத் தந்தவர்களே விலை கூட்டினார்கள். பெரிய மாட்டுப் பண்ணைக்காரர் லொறியோடு வந்து முழுவதையும் அள்ளிப்போனார்கள். அந்த வருடம் தவிட்டுக்குப் பதில் மா ஆலைக் குறுணியைக் கூட்டி, பாணைக் கூட்டி ஒப்பேற்றினோம். ஒரே பண்டத்தை நம்பியிருந்தால் ஒப்பேற்றியிருக்க முடியாது.

தீவனம் மாறினால் எண்ணெயும் மாறும். பறவை தின்னும் கொழுப்பின் சாயல் அதன் கொழுப்பில் தெரியும். தவிடும் கனோலாவும் கூடினால் கொழுப்பு இளகலாக வரும். மீன் தூள் போட்டால் மீன் மணம் வந்துவிடும் என்று எண்ணெய் வாங்குபவர் முன்கூட்டியே எச்சரித்தார். நாங்கள் அதைத் தொட்டதேயில்லை.

இதை எழுதும் இப்போது இங்கே குளிர்காலம். ஈமு முட்டையிடும் பருவம். பேடு மூன்று நான்கு நாளுக்கொன்றாகக் கரும்பச்சை முட்டை இடுகிறது. ஓடு தடிப்பாக வருவதற்குச் சுண்ணக்கல் தூள் தனித் தொட்டியில் வைக்கிறோம். பெரும்பாலான முட்டைகள் பொரிக்கும் இயந்திரத்துக்குப் போய்விடும். நான்கு சேவல்களுக்கு மட்டும் முட்டைகளை விட்டுவைத்திருக்கிறோம். ஈமுவில் அடைகாப்பது சேவல்தான். எட்டு வாரம் அநேகமாகத் தின்னாமல் குடிக்காமல், கோடையில் சேர்த்த கொழுப்பிலே உட்கார்ந்திருக்கும். மற்றவையும் இந்தக் காலத்தில் தீனியைக் குறைத்துவிடும். ஆகவே தவிட்டு லொறியை இரண்டு கிழமைக்கு ஒருமுறை வந்தால் போதும் என்று சொல்லியிருக்கிறோம். சாக்கு கூட நின்றால் காறிவிடும்.